உரசாத தாலி

சடையனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகுதான் பால் கிண்ணத்தின் ஞாபகம் வந்தது. முந்தின நாள் விடியற்காலையில் அவன் பெண்சாதி செல்லியின் கழுத்திலிருந்து தாலியை இறக்கி, காய்ச்சாத பாலில் போட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்திருந்தார்கள். அன்றைக்கே எடுத்துக் கழுவியிருக்க வேண்டும். பந்தி பரிமாறுவதும், வாடகைப் பாத்திரத்தைச் சரிபார்ப்பதும், எந்தப் பங்காளிக்குக் கோடி வேட்டி வந்து சேரவில்லை என்று முறைத்துக்கொள்வதுமாக நாள் ஓடிவிட்டது. செத்தவனை நினைத்து அழவே நேரம் கிடைக்காத வீட்டில் பாலை யார் நினைப்பார்கள்?

தட்டை எடுத்தவள் வேடியம்மா, சடையனின் அண்ணன் தாண்டவராயனுடைய மனைவி. பால் திரிந்து கெட்டியாகியிருந்தது. வைகாசி வெக்கையில் அது திரியாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் தாலி கிடந்த இடத்தைச் சுற்றி, ஒரு பெரிய காசு அகலத்துக்கு, அது பச்சையாக இருந்தது. கிண்ணத்தின் மேல் பழி போட வழியில்லை, அது எவர்சில்வர். வேடியம்மா தாலியை இரண்டு விரலால் எடுத்து முந்தானையில் துடைத்தாள். முப்பது வருஷத்து மஞ்சள் பாலில் ஊறிப் பிசுபிசுவென்று கழன்று வந்தது. அதற்குக் கீழே ஓரமெல்லாம் செம்பு தெரிந்தது.

"இன்னா செல்லி இது?" என்றாள்.

சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருந்த தாண்டவராயனுக்கும், செல்லியின் ஒரே மகன் சரவணகுமாருக்கும் அது கேட்டுவிட்டது. இரண்டு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். செல்லியும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தத் தாலிக்கு அந்தக் குடும்பத்தில் இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. செங்கம் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் அவர்கள். சடையனின் அப்பா கோபால்சாமி காலத்தில் மலையேறி வந்து, ஜமுனாமரத்தூரில் புளியும் சாமையும் கடுக்காயும் வாங்கி விற்கிற மண்டி போட்டார்கள். கோபால்சாமியிடம் இரண்டு பழைய பொட்டுத் தாலிகள் இருந்தன. அவருடைய அம்மாவும் சித்தியும் கட்டியிருந்தவை. ஒரே ஆசாரி ஒரே கையோடு செய்த ஜோடி என்று சொல்லிக்கொள்வார். பெரிய மருமகள் வேடியம்மாவுக்கு ஒன்று, சின்ன மருமகள் செல்லிக்கு ஒன்று. இந்த மாதிரித் தங்கம் இனிமேல் பூமியில் கிடைக்காது என்பதைத் துக்க வீட்டில்கூட ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதோடு ஒரு சட்டமும் வைத்திருந்தார். அந்த வீட்டுத் தாலி உரைகல்லைத் தொடக் கூடாது. உரசினால் தாலி இறங்கிவிடும், கட்டினவன் தங்கமாட்டான். உரசிப் பார்க்காமல் எந்த அடகுக்கடைக்காரனும் நகையைக் கையில் வாங்கமாட்டான் என்பதால் அது அடகுக்கும் போகாது.

செல்லி அந்தச் சட்டத்தை அணுவளவும் மீறவில்லை. மண்டி நொடித்த வருஷம் அவளுடைய தாய்வீட்டுக் கம்மல் போயிற்று. பிறகு மூக்குத்தி போயிற்று. சரவணகுமாரைக் காலேஜில் சேர்க்க அவள் அப்பா எழுதிக்கொடுத்த மேட்டுநிலம் போயிற்று. ஒவ்வொரு தடவையும் சடையன் ஒரு கணம் அவள் கழுத்தைப் பார்ப்பான், பிறகு அவனே தலையைத் திருப்பிக்கொள்வான். அது கழுத்தில் இருக்கட்டும், வேறு வழி பார்க்கலாம் என்பான். வேறு வழி என்பது எப்போதும் அவளுடைய பெட்டியிலிருந்துதான் வந்தது. அசலையெல்லாம் ஒவ்வொன்றாக விற்று அவள் காப்பாற்றி வைத்திருந்தது இதைத்தான்.

மறுநாளே தாண்டவராயன் தாலியைக் காகிதத்தில் மடித்துச் சரவணகுமார் கையில் கொடுத்தார். நான் போனால் நான் மாற்றிவிட்டேன் என்று பேச்சு வரும், நீயே உனக்குப் பிடித்த கடையில் போய்க் காட்டு என்றார். அவர் செய்வதில் எப்போதும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது, அப்படிப்பட்ட மனிதர். சரவணகுமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். திருப்பத்தூரில் நல்ல குளுகுளு கடையாகப் பார்த்து நுழைந்தான். அங்கே தங்கத்தின் தரம் பார்க்க மெஷின் இருந்தது. கவுன்டரில் இருந்தவர் அதன் பக்கம்கூடப் போகவில்லை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கவரிங் சார், என்று நீட்டிவிட்டார்.

அந்த ஒரு சொல்லைத்தான் அவன் மலைக்கு மேலே சுமந்துகொண்டு வந்தான், அதில்தான் எல்லாம் கெட்டது. கவரிங் என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஒரே அர்த்தம்தான். அது கடையில் வாங்குவது. ஃபேன்சி ஸ்டோரில் அட்டையில் குத்தித் தொங்குவது. கோபால்சாமி வீட்டுக்குள் கவரிங் எப்படி வரும்? யாரோ வாங்கி வந்திருக்க வேண்டும். யார் கழுத்தில் கிடந்ததோ அவள்தான் வாங்கியிருக்க வேண்டும். அசலை விற்றுத் தின்றுவிட்டு நகலை மாட்டிக்கொண்டிருக்கிறாள். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். நகலை மாட்ட வேண்டுமானால் அசலைக் கழற்ற வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கும்போதே தாலியைக் கழற்றியிருக்கிறாள், அப்புறம் அவன் எப்படி உயிரோடு இருப்பான்?

சடையன் செத்தது நெஞ்சுவலியில். ஆம்புலன்ஸ் மலையிறங்கும்போது ஏதோ ஒரு வளைவில் உயிர் போய்விட்டது. பீடி, சர்க்கரை, நேரங்கெட்ட சாப்பாடு என்று டாக்டர் காரணம் சொன்னார். அந்தக் காரணம் யாருக்கும் அவ்வளவாக ருசிக்கவில்லை. பால் கிண்ணத்தில் கிடைத்த காரணம் பங்காளிகள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. முகத்துக்கு நேரே ஒருத்தரும் சொல்லவில்லை. சந்தையில் செல்லி வந்தால் பேச்சு நின்றது, அவள் தாண்டிப் போனதும் மறுபடி ஆரம்பித்தது.

ஊர் பேசுவதை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஊர் எதைத்தான் பேசவில்லை? ஆனால் பெங்களூருக்குக் கிளம்புகிற அன்று சரவணகுமார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டான்.

"அப்பா இருக்கசொல்லயே அதக் கழட்னியாம்மா?"

"இல்லடா."

"அப்ப இது எங்கர்ந்து வந்துச்சு?"

தெரிந்தால்தானே அவள் சொல்ல? அவன் போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனான். படித்த பிள்ளை, இதையெல்லாம் நம்பமாட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். படிப்பு ஒரு பக்கம் இருக்கிறது, அப்பன் செத்த துக்கம் ஒரு பக்கம் இருக்கிறது, அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அவன் பெரியப்பாவுக்கு வாரம் தவறாமல் போன் செய்தான். அம்மாவின் போனை எடுக்கவில்லை. தன் அப்பனை அம்மாதான் வாரிக் கொடுத்தாள் என்று பெற்ற பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது செல்லிக்குச் சோறு இறங்கவிடவில்லை. வேறு எந்தப் பழியையும் துடைக்க அவள் நினைக்கவில்லை. இந்த ஒன்றை அவன் மனசிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.

அவளுக்கும் ஒருத்தி மேல் சந்தேகம் இருந்தது. முப்பது வருஷத்தில் அந்தத் தாலி அவள் கையைவிட்டுப் போனது ஒரே தடவை, கர்ப்பப்பையை எடுக்க ஆஸ்பத்திரியில் படுத்தபோது. நர்ஸ் கழுத்தில் நகை ஒன்றும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மஞ்சள்கிழங்கு முடிந்த கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு, தாலியை வேடியம்மாவிடம் கொடுத்தாள். கழுத்தில் கயிறு இருந்ததால் அதைக் கழற்றினதாக அவள் கணக்கில் வைக்கவில்லை. வேடியம்மா அதை இடுப்பில் முடிந்து வைத்திருந்து மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். ஒரு நாள் போதாதா? கூடப்பிறக்காத அக்காவாக, ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது உள்ளங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நினைத்தாள். பழியைச் சுமக்கிறவள் அதை மாற்றி வைக்க ஒரு தலையைத் தேடத்தான் செய்வாள்.

தாலி அவள் வீட்டிலேயே ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. வழக்கப்படி தாண்டவராயன் இருக்கிற பெரிய வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய பொருள் அது. கவரிங் என்று தெரிந்ததும் பெரிய வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரு நாள் காலை பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டு திருப்பத்தூருக்குப் போனாள். பாங்கில் நகைக்கடனுக்கு வரும் நகைகளை உரசி மதிப்புச் சொல்கிற சக்கரவர்த்தி என்பவரைத் தேடிப் பிடித்தாள். எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்கத்தான் போனாள். சக்கரவர்த்தி முன்கோபக்காரர். வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் எல்லோரும் தன்னை ஏமாற்ற வந்தவர்கள் என்பது போலவே பேசுவார்.

அவர் உரைகல்லை எடுத்ததும் செல்லியின் கை தானாகத் தாலியை மூடிக்கொண்டது.

"உரசக் கூடாதுங்க."

"உரசாம சொல்றதுக்கு நான் இன்னா ஜோசியக்காரனா? உரசுனா இன்னா ஆவும்?"

"வூட்டுக்காரருக்கு ஆவாதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. சக்கரவர்த்தி அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

முதலில் எடை போட்டார். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டார். இவ்வளவு பெரிய பொட்டு கெட்டித் தங்கமாக இருந்தால் கையில் கனக்க வேண்டும், இது இரண்டு எடையிலும் செம்பைத்தான் சொல்கிறது என்று முணுமுணுத்தார். கல்லில் இழுத்தார். முதல் கோடு மஞ்சளாக வந்தது. அதே இடத்தை அழுத்தி இழுத்ததும் கோடு சிவந்தது. ஆசிட் சொட்டு வைத்தார், சிவந்த கோடு நுரைத்துப் போய்விட்டது, மஞ்சள் அப்படியே நின்றது. அதைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. மேலே பூசியிருப்பது நல்ல தங்கம்தான். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓரத்தையும், கயிறு கோக்கிற காதையும் வெகுநேரம் பார்த்தார். கடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். கவரிங் என்றார்கள் என்றாள்.

"கவரிங்ன்னானா? கவரிங்னா கரண்டுல முக்கி எடுக்குறது. தேஞ்சா சாயம் போன துணியாட்டம் வெளுக்கும். இத நீயே பாரு, தோல் உரியிறாப்ல உரிஞ்சுகீது. செம்பு மேல தங்கத் தகடு போத்துன வேல இது. எங்கப்பன் காலத்துலயே இதச் செய்ய ஆள் கெடையாது. உனக்கு இன்னா வயசாவுதோ தெரியல, இது உனக்கு மூத்தது."

செல்லி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் தங்கம் மெல்லிய ஏடாகப் பிரிந்து நின்றது. நடுவில் யாராவது மாற்றியிருக்க முடியுமா என்று கேட்டாள். பழைய போலியை மாற்றுவதற்கு இன்னொரு பழைய போலியைத் தேடிக்கொண்டு எவன் அலைவான் என்று அவர் திருப்பிக் கேட்டார். இதற்கு ஜோடி ஒன்று இருக்கிறது, ஒரே ஆசாரி செய்தது என்று அவள் சொன்னாள். அப்படியானால் அதுவும் இதுதான் என்று சொல்லிவிட்டார். காதுக்கு உள்பக்கம் பார், கயிறு அறுத்து அறுத்து முதலில் தேய்கிற இடம் அதுதான், பொட்டின் முகத்தில் மஞ்சளைப் பூசி மறைக்கலாம், காதுக்குள் மறைக்க முடியாது என்றார். மலைக்கு வந்து என் மகனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவள் கும்பிட்டுக் கேட்டதற்கு மட்டும் அவர் மசியவில்லை. பங்காளிச் சண்டைக்குச் சாட்சி சொல்லிச் செருப்படி வாங்கினது ஒரு தடவை போதும் என்றார். போனிலாவது என்றாள். அதற்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த வளைவில் அந்தச் சிரிப்பே ஆத்திரமாகிவிட்டது. கம்மலை விற்றபோது காதில் குத்திக்கொண்ட ஈர்க்குச்சி நினைவுக்கு வந்தது. மேட்டுநிலத்தைக் கிரயம் செய்த அன்று அவள் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனது நினைவுக்கு வந்தது. கோபால்சாமி எவ்வளவு பெரிய ஆள்! உரசக் கூடாது என்று சும்மா ஒருத்தன் சட்டம் போடுவானா? உரசினால் என்ன தெரியும் என்று தெரிந்தவன்தான் போடுவான். அவர் போட்டாரோ, அவருக்கு முன்னால் யார் போட்டார்களோ. அந்தக் குடும்பத்தில் இதற்கு முன்பும் பெண்கள் தாலியை இறக்கியிருக்கிறார்கள், பாலில் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தியாவது பச்சையைப் பார்த்திருப்பாள். பார்த்தவள் பாலைக் கொல்லையில் கொட்டிவிட்டு, தாலியைக் கழுவி மஞ்சள் பூசி அடுத்தவள் கழுத்துக்கு அனுப்பியிருக்கிறாள். யார் பெற்ற பெண்ணோ அவள், நன்றாக இருக்கட்டும் என்று செல்லி மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். வேடியம்மாவைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராக வேடியம்மாவிடம்தான் போனாள். சக்கரவர்த்தி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். உன்மேல் சந்தேகப்பட்டேன் அக்கா, மன்னித்துவிடு என்பதையும் சொன்னாள். வேடியம்மா பாதியிலேயே வாயைக் கழுவு என்று எழுந்துவிட்டாள். ஆனால் எழுந்தவள் அடுப்படிக்குள் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மற்றொரு கை ரவிக்கைக்குள் இருந்த தாலியைத் தேடிப் பிடித்திருந்தது. அதற்கப்புறம் ஒரு மாசம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

பதினெட்டாம் பெருக்கு அன்று, ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால், செல்லியின் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. வேடியம்மா நின்றிருந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, தட்டில் புது மஞ்சள் கயிற்றோடு வந்திருந்தாள். சுமங்கலிகள் கயிறு மாற்றுகிற நாள். அன்றைக்கு, தாலி அறுத்தவள் முகத்தில் விழிக்க எவளும் விரும்பமாட்டாள். வேடியம்மா தானாக வந்து அந்த முகத்தில் விழித்தாள்.

"கதவச் சாத்து" என்றாள்.

கிழங்கு கட்டிய புதுக்கயிற்றை முதலில் கழுத்தில் முடிந்துகொண்டாள், கழுத்து ஒரு கணம்கூடச் சும்மா இருக்கக் கூடாது. பிறகு பழைய கயிற்றை அறுத்துத் தாலியை உருவினாள். செல்லி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். அவள் தொடக் கூடாது, தொடவும் இல்லை. புளியும் உப்பும் மட்டும் எடுத்துக் கொடுத்தாள். வேடியம்மா ஒரு ஈர்க்கின் முனையில் புளியைச் சுற்றி, காதுக்குள் விட்டுத் தேய்த்தாள். பாசி மாதிரி அடைந்திருந்த மஞ்சள் கரைந்து வடிந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, கொல்லை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். காதின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு, புளி பட்டதில் புதுச்செம்பாகப் பளபளத்தது. கயிறு படாத மேல்பக்கத்தில் மட்டும் தங்கம் மிச்சமிருந்தது.

இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்லிக்குத் தன் நெஞ்சிலிருந்து ஒரு பாறையைப் புரட்டிவிட்டாற்போல இருந்தது. வேடியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை வெளியே காட்டப் பயந்தாள்.

"நாளைக்கு அமாவாச. அப்பனுக்குத் தண்ணி எறைக்க சரவணன் இன்னிக்கு வர்றான்" என்றாள். "அவன்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுக்கா. வேற ஒர்த்தர்கிட்டயும் சொல்ல வாணாம்."

வேடியம்மா மஞ்சளைக் குழைத்தாள். காதுக்கு உள்ளேயும் வெளியேயும் விரலால் அடைத்துப் பூசி, தாலியைப் புதுக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். கிளம்பும்போது செல்லியின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். ஆகட்டும் என்று தலையும் அசைத்தாள். செல்லி அன்று காலை உலை வைத்தபோது, வெகுநாளைக்குப் பிறகு மகனுக்கும் சேர்த்து அரிசி போட்டாள்.

அவன் மத்தியானம் வந்தான். நேராகப் பெரியப்பா வீட்டுக்குத்தான் போனான். செல்லி அங்கே போனாள். தாண்டவராயன் நாற்காலியில் இருந்தார், சரவணகுமார் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாள் காரியத்துக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டிருந்தான், வேடியம்மா தூண் ஓரமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செல்லி உட்காரவில்லை. திருப்பத்தூருக்குப் போனதையும், சக்கரவர்த்தி சொன்னதையும், அது கடையில் வாங்கின கவரிங் இல்லை, தன்னைவிட மூத்த தகட்டுவேலை என்பதையும் மகனைப் பார்த்துச் சொன்னாள். அவன் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு ஆசை இருந்தது, அம்மா சொல்வது நிஜமாக இருக்கட்டும் என்கிற ஆசை. அதை அவள் தெளிவாகப் பார்த்தாள்.

எவனோ ஒருத்தன் பேச்சைக் கேட்டுக்கொண்டு செத்துப்போன என் அப்பனைத் திருடன் என்கிறாயா என்று தாண்டவராயன் கேட்டார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"எவனோ இல்ல மாமா. ஜோடித் தாலி அக்கா கழுத்துலதான கீது. அக்காவே சொல்லட்டும்."

எல்லோரும் வேடியம்மாவைப் பார்த்தார்கள். அவள் கீரைக்காம்பைக் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். நாற்காலியில் அகலமாக உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனிதர். அவள் கை ஏறித் தாலியை மூடிக்கொண்டது.

"என்னுது சொக்கத் தங்கம்" என்றாள். "காலையிலதான் கயிறு மாத்துனேன். நல்லாப் பாத்தேன்."

செல்லிக்கு அந்தக் கையைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. வேடியம்மா கெட்டவள் இல்லை. புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது என் கழுத்தில் கிடப்பது பொய்த் தாலி என்று ஒருத்தி தன் வாயால் சொன்னால், அது அவனைப் பாடையில் ஏற்றுவதற்குச் சமம். தனக்கு இது புருஷன் உயிர், செல்லிக்கு ஆனது ஆகிவிட்டது, அவ்வளவுதான் கணக்கு. புரிந்ததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆத்திரத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள்.

"அந்தக் காதுள்ள மஞ்சளத் தொடச்சுக் காட்டுக்கா. புள்ள பாக்கட்டும்."

தாண்டவராயன் எழுந்துவிட்டார். நான் உயிரோடு நிற்கும்போது என் பெண்டாட்டி தாலியில் கை வைக்கச் சொல்கிறாயா என்றார். அவர் முடிப்பதற்குள் சரவணகுமாரும் எழுந்துவிட்டான். அவன் கண்ணிலிருந்த ஆசை போய்விட்டிருந்தது.

"அப்பாவ வாரிக் குடுத்தது பத்தாதாம்மா?" என்றான். "பெரிப்பாவையுமா?"

செல்லி மகனை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். இனி எந்தச் சக்கரவர்த்தி வந்து சொன்னாலும் அவன் காதில் ஏறாது என்று தெரிந்தது. பிறகு வேடியம்மாவிடம் போய் அவள் எதிரே நின்றாள். வேடியம்மா நிமிரவில்லை.

"நான் தெரியாம கேட்டுட்டேன், வுடுக்கா" என்றாள் செல்லி. "நீ பூவும் பொட்டுமா மாமாவுக்கு முன்னாடி போய்ச் சேரணும். தாலியோடவே எரிஞ்சு போவணும். அதக் கழட்டி ஒருத்தரும் பாக்குற காலம் உனக்கு வரவே கூடாது. நான் வேண்டிக்கிறேன்."

எந்தப் பெண்ணும் எந்தப் பெண்ணிடமிருந்தும் கேட்க ஆசைப்படுகிற வாழ்த்து அது. தாண்டவராயனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்த நல்ல வார்த்தையை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு வளர்ந்திருக்காதே என்று சொல்லிக்கொண்டே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சரவணகுமாரும் முகத்தைத் தணித்துக்கொண்டு, அம்மா இப்போதாவது ஒழுங்காகப் பேசினாளே என்பது போலப் பார்த்தான்.

வேடியம்மா மட்டும் முகத்தைத் தூக்கவே இல்லை. செல்லி வாசல்படி இறங்கித் தெருவுக்கு வந்தபோது, உள்ளே தாண்டவராயன் என்ன ஆயிற்று உனக்கு, வாழ்த்தினதற்கு எதற்கு அழுகிறாய் என்று பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.